ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடி

திருச்சுழியில் தன் தகப்பனார் வீட்டுக் கூடத்தில் நின்றபடி தீபலட்சுமி மூன்றாவது முறையாகக் கையை நீட்டினாள். தங்கசாமி கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டு, அதன் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

"வேணாந்தாயி. பாத்தா ஒனக்கு மனசு விட்டுப் போகும்."

"எனக்கு நடக்குறத நான் பாக்கக் கூடாதாப்பா?"

"அழிச்சிருங்கன்னு ஒங்கொழுந்தன்கிட்டயும் சொல்லிட்டேன். நானும் அழிக்கத்தான் போறேன்."

அழிக்கப் போகிறாராம். எட்டு மாதங்களாக எந்த விடைக்காக அவள் ஒவ்வொருவரிடமும் கெஞ்சினாளோ, அது ஒரு காணொளியாக நான்கு நாட்களாக இந்தச் சட்டைப்பைக்குள் இருந்திருக்கிறது.

அருப்புக்கோட்டையில் கணவன் வீட்டாரின் பெயிண்ட் கடையில்தான் அவளுக்கு அந்த நிலை முதன்முதலில் வந்தது. ராட்டினம் இறங்கும்போது ஏற்படுவதைப் போல அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று நெஞ்சுக்கு ஏறும். கடை முழுவதும் டர்பன்டைன் வாடை நிறைந்திருக்க, அவள் மூக்கில் மட்டும் கருகிய மயிரின் வாடை அடிக்கும். அதற்குப் பிறகு ஒன்றும் இராது. மறுபடி உலகம் திரும்பும்போது அவள் அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பாள். கையிலிருந்த பில் புத்தகம் தரையில் கிடக்கும். வாடிக்கையாளர் இருவர் வேறு யாரையோ பார்ப்பதுபோல அவளைப் பார்ப்பார்கள். என்ன செய்தேன் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, போய்ப் படு" என்பார்கள். சில நாட்களில் அவள் தெளிந்து பார்க்கும் கணத்தில் யாருடைய சிரிப்போ அப்போதுதான் நின்றதுபோல இருக்கும். உள்ளூர் மருத்துவர் ஒருவர், பெயிண்ட் வாடைக்கு வரும் மயக்கம் என்று இரத்தம் ஊற மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் தலையை நிமிர்த்தாமலேயே, "வீட்ல எதும் சண்டையா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக்கூட அவளிடம் கேட்கவில்லை. அவள் கணவன் ராம்குமாரிடம் கேட்டார்.

மதுரையில் பார்த்த நரம்பியல் மருத்துவர்தான் அவளை நேராகப் பார்த்துக் கேட்டவர். கண் திறந்திருக்குமா, எந்தக் கை அசையும், கூப்பிட்டால் பதில் வருமா, எவ்வளவு நேரம் நீடிக்கும். ஒன்றுக்கும் அவளிடம் விடை இல்லை. அவளுக்கு நடந்தபோது அங்கே இல்லாதவள் அவள் ஒருத்திதான். மருத்துவர் அம்மையார் ராம்குமார் பக்கம் திரும்பினார்.

"நான் பாத்ததே இல்ல டாக்டர். அந்நேரம் லோடு எறக்கப் போயிருப்பேன்."

தலையில் ஒயர்களை ஒட்டி எடுத்த பரிசோதனையிலும் எதுவும் தெரியவில்லை. "அரை மணி நேரம் எடுத்தது நார்மலா இருந்தா, வலிப்பு இல்லன்னு அர்த்தம் ஆகாது," என்றார் அம்மையார். "வர்ற நேரத்துல யாராவது கவனிச்சுப் பாருங்க. முடிஞ்சா செல்போன்ல எடுத்துட்டு வாங்க."

வீடு திரும்பியதும் மாமியார் ராமலட்சுமியிடம் கேட்டாள்.

"வலிப்புன்னா வெட்டி வெட்டி இழுத்து, நொர தள்ளிக் கீழ விழுகணும். இரும்புச் சாவியக் கையில குடுத்தா நிக்கணும். நீ என்னத்தடி விழுந்த? நட்டமா நின்னுக்கிட்டு, வாயில ஒண்ணுமில்லாம வெத்தல மெல்லுற மாதிரி மெல்லுற. வலது கையால முந்தானயப் போட்டுக் கசக்குற. இதெல்லாம் யாருகிட்டக் கத்துக்கிட்ட?"

மருத்துவர் கேட்ட கேள்விகளில் பாதிக்கு அந்த ஏச்சிலேயே விடை இருந்தது. தீபலட்சுமி அதை நாட்காட்டித் தாளின் பின்புறத்தில், ஒரு சொல் விடாமல் எழுதி வைத்துக்கொண்டாள். ஆனால், மதுரைக்கு வந்து இதையே சொல்லுங்கள் அத்தை என்று கேட்டபோது, "நான் எங்கடி பாத்தேன்?" என்று ராமலட்சுமி அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அதன் பின்புதான் கொழுந்தன் மதன்குமாரின் எண்ணிலிருந்து தங்கசாமிக்கு அந்தக் காணொளி வந்தது. பின்னாலேயே ராமலட்சுமியின் அழைப்பும் வந்தது. பெண்ணுக்குப் பித்து, வந்து கூட்டிக்கொண்டு போங்கள், இல்லையென்றால் பெரியவர்களை வைத்துப் பேசிக்கொள்வோம்.

"வெளிய காட்டாதம்மா," தங்கசாமியின் குரல் இறங்கியது. "அடுத்து சுகந்திக்கு மாப்ள பாக்கணும். அக்காளுக்கு வலிப்புன்னு தெரிஞ்சா எவன் வருவான்?"

"அக்காளுக்குப் பித்துன்னா மட்டும் தங்கச்சிக்கு வரிசையில நிப்பாங்களாப்பா?"

அவள் அவருடைய கையை மெல்ல விலக்கிக் கைபேசியை எடுத்தாள். தகப்பனாரின் சட்டைப்பைக்குள் கைவிடுவது மரியாதை இல்லை என்று அவளுக்குத் தெரியும். மரியாதையாக இருந்தே எட்டு மாதங்கள் போய்விட்டன.

அவர் கைபேசியில் ஒலி அடைத்து வைக்கப்பட்டிருந்தது. பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே ஒரு பெண் நின்றாள். அவள் உடுத்தியிருந்தது தீபலட்சுமியின் சேலை. முழுவதும் பார்க்க அவளால் முடியவில்லை. ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடி என்பதை மட்டும் பார்த்துவிட்டுத் தன் எண்ணுக்கு அனுப்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமை ராம்குமார் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு மறுபேச்சின்றி மதுரைக்கு வந்தான். மனநிலை சரியில்லை என்று மருத்துவர் கைப்பட எழுதித் தருவார் என்ற நம்பிக்கையோடு ராமலட்சுமிதான் அவனை அனுப்பி வைத்திருந்தார்.

தீபலட்சுமி கைபேசியை மேசை மேல் வைத்தாள். "ஏது இது?" என்றான் ராம்குமார். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. மருத்துவர் ஒலியை முழுவதும் கூட்டினார்.

"ஏ தீபா. இங்க பாரு. எம்பேரு என்ன, சொல்லு பாப்போம். ஏலே மதனு, வந்து பாருலே, புருசன் பேரு மறந்து போச்சாம் இவளுக்கு."

அதைத் தொடர்ந்து சிரிப்பு. படம் எடுத்தவன் மதன்குமார் என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள்.

மருத்துவர் சிரிப்பைப் பொருட்படுத்தவில்லை. படத்தை இருமுறை பின்னுக்குத் தள்ளிப் பார்த்து, குறித்துக்கொண்டே பேசினார். "கூப்பிட்டிருக்காங்க, பதில் இல்ல. அது முக்கியம். வாய் மெல்லுது, வலது கை தானா அசையுது. இது வலிப்புதாம்மா. உடம்பு முழுக்க இழுக்குறது ஒரு வகை. பிள்ளைங்க கிளாஸ்ல சில நொடி வெறிச்சுட்டு மறுபடி எழுத ஆரம்பிக்குறது இன்னொரு வகை. உங்களுக்கு வர்றது மூளையில ஒரு இடத்துல ஆரம்பிச்சு, நினைவ மட்டும் மறைக்குது. அந்த வயித்துல ஏறுறதும், கருகின வாடையும் அதோட தொடக்கந்தான். நடிப்பும் இல்ல, பித்தும் இல்ல. ஸ்கேன் எடுக்கணும். மாத்திரைய இன்னைக்கே ஆரம்பிக்கலாம்."

வலிப்பு. கேட்டதும் அழுகை வரும் என்று அவள் எண்ணியிருந்தாள். வரவில்லை. வந்தது கோபந்தான்; அவள் ராம்குமாரின் பக்கம் திரும்பினாள்.

மருத்துவர் புதிய தாளை எடுத்து ராம்குமாரை நோக்கினார். "போன தடவை பாத்ததே இல்லன்னு சொன்னீங்க. பரவாயில்ல. முதல்ல எப்ப பாத்தீங்க? மாசத்துக்கு எத்தன தடவை வருது? அதுக்கப்புறம் எவ்வளவு நேரம் குழப்பமா இருப்பாங்க? அளவு வச்சு மாத்திரை குடுக்க எனக்கு இதெல்லாம் வேணும்."

ராம்குமார் சட்டைக் கையைத் தடவிக்கொண்டான். "சும்மா வெளாட்டுக்கு எடுத்தது டாக்டர்..."

"டாக்டரு கேட்டது அதில்ல," என்றாள் தீபலட்சுமி. குரலை அவள் உயர்த்தவில்லை. "நீங்கதான சொல்லணும். நான் அங்க இல்லயே."

மருத்துவர் பேனாவைத் தாளின் மேல் வைத்தபடி காத்திருந்தார். மேசை மேல் படம் நின்றுபோயிருந்தது. அதில் அவளுடைய கண்கள் முழுவதுமாகத் திறந்து, எதிரே கைபேசியைப் பிடித்திருந்தவனையே பார்த்துக்கொண்டிருந்தன.