பூட்ஸ் போட்டுத் தீ மிதித்தவன்

நான் பயாஸ்கோப் பைத்தியம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கரும்புத் தீவில் எங்கள் ஊரான சேன் பியேரில் இப்போது என்னைப் பற்றி வேறு விதமாகப் பேசுகிறார்கள். வருஷத்துக்கு இரண்டு மூன்று படம் பார்ப்பேன், அவ்வளவுதான். கரும்பு வெட்டு முடிந்து, ஆலைக்கு வண்டி போவது நின்ற பிறகு, தலைநகர் போர் லூயியிலிருந்து படக்காரன் ழான்-போல் தன் மெஷினோடு ரயிலில் வந்து இறங்குவான். ஸ்டேஷன் பக்கத்துக் கிடங்கின் ஜன்னல்களைக் கோணியால் மூடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் காட்டுவான். அவன் பாட்டனார் புதுச்சேரியிலிருந்து வந்த கொத்தனார். இவனுக்குத் தமிழில் 'வணக்கம்', 'சாப்பாடு' என்ற இரண்டு வார்த்தை தெரியும். திரையில் பிரெஞ்சு எழுத்து வந்தால் அதைத் தீவின் பேச்சு மொழியான கிரியோலில் கத்திச் சொல்வான்.

நாற்காலியில் உட்கார்ந்து ஆணும் பெண்ணும் அழுகிற படங்கள் எனக்கு ஆகாது. அழுகையை வீட்டிலேயே பார்க்கலாம். ஆகாயத்தில் போகிற படகு, கடலுக்கடியில் ஊர், நட்சத்திரத்தில் ராஜாங்கம் என்றால் போவேன். ராட்சதப் பாம்பு துணியில் தைத்தது என்று எனக்குத் தெரியும். வாலில் தையல் கூடத் தெரியும். பரவாயில்லை, தைத்தவன் கஷ்டப்பட்டுத் தைத்திருக்கிறான். என் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். ஒருவன் அதிசயம் செய்தால், அதற்கு முன்னால் அவன் ஏதாவது பட்டிருக்க வேண்டும். பசி கிடந்திருக்க வேண்டும், எதையாவது விட்டிருக்க வேண்டும். சும்மா வந்து சும்மா பறக்கிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் மார்கழியில் வந்த படம் அப்படிப்பட்ட ஒருவனைப் பற்றியது. மெல்லிய மீசை வைத்த வெள்ளைக்காரன். பீரங்கிக் குண்டுக்குள் உட்கார்ந்து ஒரு நட்சத்திரத்துக்குப் போகிறான். அங்கே தகரத் தொப்பி போட்ட மனிதர்கள் தங்கள் ராணியை நெருப்பு வளையத்துக்கு நடுவில் அடைத்து வைத்திருக்கிறார்கள். இவன் நெருப்புக்குள் இறங்குகிறான். இறங்கி, நேராகப் போக வேண்டியதுதானே? போகமாட்டான். பாதியில் நிற்கிறான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு ராணியைப் பார்த்துச் சிரிக்கிறான்.

"அலா லி!" என்று ழான்-போல் கத்தினான். அதோ நிற்கிறான் பார் என்று அர்த்தம். கிடங்கு முழுக்கக் கை தட்டியது. என் பக்கத்தில் என் மனைவி பூங்காவனம் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி இருந்தாள். "அம்மாடி" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, அவளுக்கே சொல்லிக்கொண்டாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான்தான் பேச்சை எடுத்தேன்.

"அவன் காலுல பூட்ஸ். பாத்தியா?"

"பாக்கலைங்க."

"பூட்ஸோட நெருப்புல இறங்குறான். அதுக்கு முன்னாடி மேசையில உக்காந்து கோழிக்கால கடிச்சு இழுக்குறான். விரதம் கிடையாது, காப்பு கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"நட்சத்திரத்துல காப்புக்கு எங்க போவான்?"

"எந்த ஊரா இருந்தா என்ன, நெருப்பு நெருப்புதானே!"

"அதுக்கென்ன இப்போ? உங்க நெருப்பு கணுக்கால் அளவு. அவன் நெருப்பு ஆளுயரம். அம்மாடி, என்னமா நின்னான்!"

குத்திக்காட்டச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போல் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் பதினோரு வருஷமாகத் தீ மிதிக்கிறவன். எனக்கு மூன்று அர்ப்பான், ஏறக்குறைய மூன்று ஏக்கர், நிலம் இருக்கிறது, அதில் கரும்பு இருக்கிறது, ஆனால் நாகலிங்கம் என்றால் ஊர் நிலத்தைச் சொல்லாது, தீயைத்தான் சொல்லும். பூங்காவனம் என்னைக் கட்டிக்கொண்டதும் அதனால்தான். முதல் வருஷம் நான் மிதித்தபோது அவள் தன் ஊரான பாம்பூவிலிருந்து உறவுக்காரர்களோடு வந்திருந்தாள். குழியின் கோடியில் நின்று என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் பெண் பார்க்கப் போவதற்கு முன்பே அவள் மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டாள். அன்றைக்குப் பார்த்த அதே பார்வையை இப்போது கோணி மூடிய கிடங்கில், ஒரு துணித் திரைமேல் வீணடித்துவிட்டாள்.

அந்த ஆள் என்னைப் போல மனிதனாக இருந்தாலாவது சட்டையைப் பிடித்திருக்கலாம். வெளிச்சத்தை எப்படிப் பிடிப்பது? இந்தச் சங்கடம் யாருக்கும் புரியாது என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் சின்ன நிலக்காரர்களின் பெண்கள் கூட்டாகக் களை எடுப்பார்கள். இன்றைக்கு உன் கரும்பு, நாளைக்கு என் கரும்பு என்று முறை வைத்துக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்தில் பூங்காவனம் படக்கதையைச் சொன்னாள். கேட்டவர்கள் மறுபடி சொல்லச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் நெருப்பு வளர்ந்தது. கோவிலில் கொடி ஏறுவதற்குள் அது ஆலைப் புகைபோக்கி உயரத்துக்குப் போய்விட்டது. நான் பக்கத்து வரிசையில் நின்று மண்ணைக் கொத்துவேன். 'பூட்ஸைச் சொல்லு, பூட்ஸைச் சொல்லு' என்று மனசுக்குள் அரற்றுவேன். அவள் ஒரு தடவையும் சொல்லவில்லை.

காப்புக் கட்டினேன். பத்து நாள் ஒரு வேளைச் சோறு, தரையில் படுக்கை, விடியலில் ஆற்றுக் குளியல். அவளும் என்னோடு விரதம் இருந்தாள். வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. உள்ளே மட்டும், அம்மன் பேரைச் சொல்ல வாய் திறந்தால் மீசை வைத்த அந்த முகம் வந்து நின்றது. இவனை எப்படி ஜெயிப்பது என்பதே என் தியானமாக இருந்தது. பத்தாவது நாள் முடிவு செய்துவிட்டேன். நானும் பாதியில் நிற்பேன். நின்று அவளைப் பார்ப்பேன். வெறுங்காலோடு நிற்கிறவன் யார், பூட்ஸோடு நிற்கிறவன் யார் என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

தீமிதி சாயங்காலம் நான்கு மணிக்கு. சவுக்குக் கட்டைகள் எரிந்து அடங்கி, குழி முழுவதும் செக்கச்செவேலென்று கிடந்தது. கரகம் முன்னே போனது. எனக்கு முன்னால் ஆறு பேர் மிதித்தார்கள். நான் இறங்கினேன். முதல் மூன்று அடி வழக்கம் போலத்தான், கால் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி. நான்காவது அடியில் நின்றேன். கோடியில், பால் குழிக்குப் பக்கத்தில் நின்றிருந்த பூங்காவனத்தைத் தேடிப் பார்த்தேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

ஊரே என்னைப் பார்த்தது. கொட்டு அடிக்கிறவன் அடியை விட்டுவிட்டுப் பார்த்தான். அவள் ஒருத்தி பார்க்கவில்லை. திறப்பாள், இதோ திறப்பாள் என்று நின்றேன். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. தீ மிதிக்கிறவன் நிற்கக் கூடாது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். மூன்றாவது மூச்சில் நான் போட்ட சத்தத்தில்தான் அவள் கண் திறந்தது. மீதி தூரத்தை எப்படிக் கடந்தேன் என்று தெரியவில்லை. பால் குழியில் விழுந்தேன். தூக்கினபோது உள்ளங்கால் தோல் என்னோடு வரவில்லை.

கால் வெந்தால் எங்கள் ஊரில் மருந்துக்கு முன்னால் விசாரணை. விரதத்தில் ஓட்டை இல்லாமல் அம்மன் சுடமாட்டாள். பூசாரி என் தலைமாட்டில் குனிந்தார்.

"நாகலிங்கம், மச்சம் தொட்டியா?"

"இல்லை சாமி."

"சாராயம்?"

"இல்லை."

"ஏன் நின்ன? நீ நிக்கிற ஆளில்லையே. யாரு நிறுத்துனா?"

என்ன சொல்வது? பீரங்கியில் பறந்த ஒருவனோடு போட்டி போட்டேன் என்றா? என்மேல் தப்பில்லை என்றால் தப்பு வீட்டுக்காரியுடையது, ஊர்க் கணக்கு அப்படி. எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. பக்கத்துத் தோட்டத்துக் கோவிந்தம்மாவுக்கு இது போதும்.

"காப்புக் கட்டினதுலேர்ந்து இவ வாயில அந்தப் படம்தான். அம்மன் பாட்டு ஒண்ணு பாடினாளா, கேளுங்க!"

பூங்காவனம் என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள். பிறகு பூசாரியிடம் சொன்னாள்.

"தப்பு என்னோடதுதான் சாமி. கண்ண மூடி அம்மன நெனச்சேன். அம்மன் வரல. அந்தப் படத்து ஆளு வந்தான்."

கூட்டத்தில் யாரோ 'சீ' என்றார்கள். உள்ளங்கால் இரண்டும் வெந்து கிடந்த அந்த நேரத்தில் எனக்கு வலித்தது காலில் இல்லை. அவளுக்குள்ளேயும் அவன்! நான் அவளுக்காக நிற்கும்போது அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்! அவள்மேல் பரிதாபம் வரவில்லை. தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். வேண்டுமென்றேதான் மூடிக்கொண்டேன்.

ஒரு வருஷத்துக்குப் பூங்காவனம் கோவிலுக்கு மாவிளக்கு எடுத்து வரக் கூடாது என்றார்கள். களைக் கூட்டத்தில் அவளை யாரும் கூப்பிடவில்லை. எங்கள் முறை வந்த நாளில் ஒருத்தியும் வரவில்லை.

நான் காலில் கற்றாழையும் வாழைக்குருத்துமாகக் கட்டிக்கொண்டு வாசல் கட்டிலில் கிடந்தேன். அங்கிருந்து பார்த்தால் என் மூன்று அர்ப்பானும் தெரியும். பத்துப் பேர் எடுக்கிற களையை அவள் ஒருத்தியாக எடுத்தாள். மத்தியானம் வந்து எனக்குச் சோறு போட்டு, கட்டு மாற்றிவிட்டுத் திரும்பப் போவாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொன்னால் பதிலுக்குச் சண்டை போடத் தயாராக இருந்தேன். முதல் வாரம் பார்க்க ஒரு மாதிரி திருப்தியாகக் கூட இருந்தது, அந்த வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வாரம் அவள் கையில் கொப்புளம் உடைந்து, கோப்பையைப் பிடிக்க முடியாமல் இரண்டு மணிக்கட்டாலும் அணைத்துத் தண்ணீர் குடித்தாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

அடுத்த ஞாயிறு என்னை வண்டியில் ஏற்றிக் கோவிலுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். பூஜை முடிந்து எல்லோரும் பிரசாதத்துக்கு உட்கார்ந்திருந்தபோது, வண்டியிலிருந்தபடியே கத்திச் சொன்னேன்.

"பூங்காவனம்மேல தப்பு இல்லை. நான் வேணும்னுதான் நின்னேன். அந்தப் படத்துல வந்தவன் நின்னான், அவன்மேல எனக்குப் பொறாமை. பத்து நாள் விரதத்துலயும் அவனத்தான் நெனச்சேன்."

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் பூசாரியே முதலில் சிரித்துவிட்டார். கோவிந்தம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். பதினோரு வருஷம் தீயால் எடுத்த பேர் அரை நிமிஷத்தில் போனது. அன்றிலிருந்து நான் 'பயாஸ்கோப்' நாகலிங்கம். ரயில்வே ஆட்கள் கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மாவிளக்குத் தடையை அங்கேயே நீக்கினார்கள். மறுநாள் களைக்கு ஒன்பது பேர் வந்தார்கள், கோவிந்தம்மா உட்பட. வேலையைவிட என்னைப் பார்த்துச் சிரிக்கத்தான் வந்தார்கள். வந்தார்களே, அது போதும்.

அவர்கள் போன பிறகு பூங்காவனம் என் கால்மாட்டில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தாள்.

"ஊர் பூரா சிரிச்சுது" என்றாள்.

"சிரிக்கட்டும். எனக்காகப் பொய் சொல்லிப் பழிய ஏத்துக்கிட்டியே, அதுக்கு முன்னால இது எம்மாத்திரம்?"

அவள் வாழைக்குருத்தைக் கிழித்துக்கொண்டே இருந்தாள்.

"பொய் இல்லைங்க. நெசமாவே அவன்தான் வந்தான். நீங்க கத்துற வரைக்கும் அவன்தான். கத்தின பிறகு ஒரு நாளும் வரல. அப்புறம் இந்த ரெண்டு காலு மட்டும்தான் எனக்குக் கண்ணுல."

அவள் சொன்னதில் பின்பாதி எந்தப் புருஷனுக்கும் போதும். எனக்கும் போதும் என்றுதான் தினமும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் காதில் நிற்பது முன்பாதிதான்.