ஒன்பதாம் தேதிக்கு அப்புறம்

என் தங்கச்சியோட ஒரு வருஷத்தை நான் எடுத்துக்கிட்டேன். யாரும் என்னைக் குத்தம் சொல்லல. அவளும் சொல்லல. சொல்லியிருந்தா பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனசு ஆறியிருப்பேன். வாய்ச் சண்டையில நான் இதுவரைக்கும் தோத்ததில்ல.

வீட்டுல அவளுக்குப் பேரு வால். சின்ன வயசுல என் பின்னாடியே சுத்துவா, சேட்டையும் அதுக்கேத்த மாதிரி. எனக்கும் அவளுக்கும் ஒன்பது வயசு வித்தியாசம். அம்மா தவறினப்போ அவளுக்குப் பத்து. அவ தலையை வாரி, ஸ்கூலுக்கு விரட்டிவிட்டு, நான் நர்சிங் காலேஜுக்கு ஓடுவேன். அதுலேயே எனக்கு ஒரு நெனப்பு வந்துடுச்சு. அக்கா அதிகாரம் ஒரு பங்கு, அம்மா அதிகாரம் ஒரு பங்கு, ரெண்டும் நம்மகிட்டதான்னு.

அப்பா பஸ் டிரைவர். ரிட்டயர் ஆன ரெண்டாவது வருஷம் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால் விழுந்துபோச்சு. பேச்சு குழறும். திட்டறப்போ மட்டும் தெளிவா வரும். அப்போ வால் காலேஜ் கடைசி வருஷம். நான் அப்போதான் ஆண்கள் வார்டுக்கு இன்சார்ஜ் ஆகியிருந்தேன்.

இன்சார்ஜ்னா பெரிய வேலை என்னன்னு நெனைக்கறீங்க? ஊசி போடறதா? டூட்டி சார்ட் போடறது. பதினாலு நர்சு, மாசத்துக்கு முப்பது நாள், காலை, மாலை, நைட், ஓய்வு. ஒருத்திக்குக் கல்யாணம், ஒருத்திக்குப் புள்ளைக்குக் காய்ச்சல், ஒருத்திக்குச் சும்மாவே முகம் தூக்கல். எல்லாத்தையும் கட்டத்துல அடைக்கணும். இருபத்தஞ்சாம் தேதி சார்ட்டை போர்டுல குத்திட்டா அதுக்கு மேல பேச்சு கிடையாது. நாள் மாத்தணுமா, உன் எடத்துல நிக்க நீயே ஒரு ஆளைப் பிடி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டா. இந்த ஒரு விதியை வெச்சுத்தான் அந்த வார்டையே ஓட்டினேன். டாக்டர்களே என் சார்ட்டுன்னா கொஞ்சம் தள்ளி நிப்பாங்க.

அப்பா படுத்ததும் வீட்டுலயும் சார்ட் போட்டேன். சமையல் ரூம் கதவுல ஒட்டினேன். குளிப்பாட்டறது யாரு, கை காலுக்குப் பயிற்சி குடுக்கறது யாரு, மாத்திரை யாரு. எனக்கு 'பெ', அவளுக்கு 'சி'. பெரியவ, சின்னவ. அப்பா அதைப் பார்த்துட்டு, "என் பேர் எங்க?"ன்னு கேட்டார். "நீங்கதான் பேஷண்ட்"ன்னேன். "அப்ப எனக்கு ஓய்வே இல்லையா?"ன்னார். மூணு பேரும் சிரிச்சோம். சிரிச்ச வீடுதான் எங்க வீடு, இல்லேங்கல.

வால் பரீட்சை முடிச்ச மறு மாசம் ஒரே வாரத்துல அவளுக்கு ரெண்டு காகிதம் வந்துது. ஒண்ணு, தண்ணி பரிசோதனைக் கூடத்துல வேலை. குழாய்த் தண்ணியில கிருமி இருக்கான்னு பாக்கற வேலை, அவ படிச்ச படிப்புக்கு அளவெடுத்துத் தெச்ச மாதிரி. ஒண்ணாந்தேதி சேரணும். இன்னொண்ணு விசா. முப்பது வயசுக்குள்ள இருக்கறவங்க ஒரு வருஷம் வெளிநாட்டுல தோட்டத்துலயோ கடையிலயோ வேலை பாத்துக்கிட்டே ஊர் சுத்திப் பாக்கலாம். கூடப் படிச்ச ரெண்டு பொண்ணுங்களோட ஒன்பதாம் தேதி கிளம்பறதா பேச்சு. பரிசோதனைக் கூடத்துல போய், "ஒரு வருஷம் கழிச்சு வந்தா எடம் இருக்குமா?"ன்னு கேட்டிருக்கா. அங்க இருந்த பெரிய கெமிஸ்ட், "இருந்தா பாக்கலாம்மா"ன்னு வழுக்கலா சொல்லி அனுப்பிட்டார்.

அவ ரெண்டையும் மேசையில வெச்சுட்டு என்கிட்ட வந்தா. "நீ என்னக்கா சொல்ற?"

"உன் வாழ்க்கை, நீ முடிவு பண்ணு"ன்னேன். எவ்வளவு பெரிய மனசு பாருங்க எனக்கு.

ஆனா அவ கண்ணு எங்க இருந்துதுன்னு எனக்குத் தெரியும். சாயந்திரம் பூரா போன்ல மேப்பைப் பாத்துட்டே இருப்பா. எந்த ஊர்ல எந்த ரயில், எந்த பஸ், எங்க தங்கலாம், எல்லாம் அத்துப்படி. அப்பா பக்கத்துல உக்காந்து அவருக்கும் காட்டுவா. அவரும் டிரைவர் இல்லையா, "இந்த வளைவுல வண்டி திருப்பறது கஷ்டம்"னு இடது கையால காட்டி அபிப்பிராயம் சொல்லுவார். அவங்க ரெண்டு பேரும் அப்படி உக்காந்திருக்கறதைப் பாத்தா நான் சமையல் ரூமுக்குப் போய் அந்த சார்ட்டையே பாத்துட்டு நிப்பேன். இவ போயிட்டா நான் தனியாளா என்ன பண்ணுவேன்? வார்டுல நாள் பூரா அடுத்தவங்க அப்பாவைப் புரட்டிப் போட்டுட்டு, வீட்டுக்கு வந்து என் அப்பாவையும் நான் ஒருத்தியே புரட்டணுமா?

வழி இல்லாம இல்ல. எங்க வார்டுல முன்னாடி வேலை பாத்த ஆயாம்மா பக்கத்துத் தெருவுலதான் இருந்தாங்க. "வாரத்துக்கு மூணு நாள் நான் வந்து பாத்துக்கறேன், சின்னப் பொண்ணை அனுப்பி வை"ன்னு அவங்களா வந்து சொன்னாங்க. "வெளி ஆளை அப்பா ஒத்துக்க மாட்டார்"னு அனுப்பிட்டேன். அப்பாவைக் கேக்கவே இல்ல.

இருபத்தஞ்சாம் தேதி வந்துது. வார்டு சார்ட்டை முடிச்ச கையோட வீட்டு சார்ட்டும் போட்டேன். முப்பத்தொரு நாள். பெ, சி, பெ, சி. ஒன்பதாம் தேதியைத் தாண்டியும் பெ, சி, பெ, சி, கடைசி வரைக்கும். கைப்பழக்கத்துல போட்டுட்டேன்னு ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பொய். பத்தாம் தேதி கட்டத்துல பேனா ஒரு நிமிஷம் நின்னுது. நின்னுட்டு, 'சி'ன்னு போட்டுது.

மறுநாள் காலையில வால் பல் தேச்சுக்கிட்டே அந்தக் கதவுகிட்ட நின்னா. ரொம்ப நேரம் நின்னா. வாயைக் கொப்பளிச்சுட்டு வந்து, "ஒன்பதாம் தேதிக்கு அப்புறமும் என் பேர் இருக்கேக்கா"ன்னா.

நான் டூட்டிக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தேன். ஷூ லேஸைக் கட்டிக்கிட்டே, வார்டுல சொல்ற அதே குரல்ல, "மாத்திக்க ஒரு ஆளைப் பிடிச்சுக் கையெழுத்து வாங்கிட்டு வா, மாத்தித் தரேன்"ன்னேன்.

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். விளையாட்டுக்குச் சொல்ற மாதிரிதான் சொன்னேன். வீட்டுல இருக்கறது மூணு பேர். அதுல ஒருத்தருக்குக் கையெழுத்துப் போடற கையே வராது. அவளும் சிரிச்சா. சிரிச்சுட்டு உள்ள போய் அப்பாவை எழுப்பினா, அன்னைக்கு 'சி'. அந்தச் சிரிப்பைப் பாத்துட்டாவது, "ஏய் லூசு, நீ கிளம்பு, நான் பாத்துக்கறேன்"னு நான் சொல்லியிருக்கணும். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டேன்.

ஒண்ணாந்தேதி அவ பரிசோதனைக் கூடத்துல சேந்தா. ஒன்பதாம் தேதி லீவு போட்டு ஏர்போர்ட்டுக்குப் போய் அந்த ரெண்டு பொண்ணுங்களையும் வழியனுப்பிட்டு, மத்தியானம் வந்து அப்பாவுக்குப் பயிற்சி குடுத்தா. அப்பா என்னைத் தனியா கூப்பிட்டு, "சின்னவ ஏன் போகல?"ன்னு கேட்டார். "அவளே வேண்டாம்னுட்டா, வேலைதான் முக்கியமாம்"னேன். நாக்கு கூசல. அப்பா என்னையே பாத்துட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார்.

ஏழு வருஷம் ஓடுச்சு. வால் வேலையில கெட்டி. விடிஞ்சதும் பாட்டில் பெட்டியோட தெருத்தெருவா குழாய்த் தண்ணி பிடிக்கப் போயிடுவா. "உங்க தங்கச்சி எப்படி?"ன்னு யாராவது கேட்டா, "அவளுக்கென்ன, ஜம்முனு செட்டில் ஆயிட்டா"ன்னு நான் நெஞ்சை நிமித்திச் சொல்லுவேன்.

அப்புறம் எங்க ஆஸ்பத்திரியில என்னை மூணு மாசப் பயிற்சிக்கு வெளிநாட்டுக்கு அனுப்பறதா முடிவு பண்ணினாங்க. வீட்டுல வந்து ஊர் பேரைச் சொன்னேன். வால் கையில இருந்த தட்டைக் கீழ வெச்சா. "நல்ல ஊருக்கா"ன்னா.

"அப்பாவை எப்படிடி விட்டுட்டுப் போறது?"ன்னு நான் இழுத்தேன். அவ போனை எடுத்து ஆயாம்மாவைக் கூப்பிட்டா. அஞ்சே நிமிஷம். வாரத்துக்கு மூணு நாள், திங்கள் முதல் வரேன்னுட்டாங்க. போன் ஸ்பீக்கர்ல இருந்துது. "நான் அன்னைக்கே வரேன்னு உங்க அக்காகிட்ட சொன்னேனேம்மா"ன்னு ஆயாம்மா சொன்னது எனக்கும் கேட்டுது, அவளுக்கும் கேட்டுது. அவ என்னைத் திரும்பிப் பாக்கல. "சரிங்கம்மா, தேங்க்ஸ்"னு வெச்சுட்டு, என் பெட்டியை இழுத்துப் போட்டுத் துணி மடிக்க ஆரம்பிச்சா. பாத்திருந்தா தேவலாம்னு இருந்துது.

மூணு நாள்ல அப்பாவும் ஆயாம்மாவும் சேந்து டிவி பாத்து சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்களாம். வெளி ஆளை ஒத்துக்க மாட்டார்னு நான் சொன்ன அதே அப்பா.

நான் அங்க போய் என்ன கிழிச்சேன்? ஆஸ்பத்திரிக்கு எதிர்லயே ரூம். மூணாவது மாடி. டூட்டி, ரூம், முக்குல ஒரு கடை, திரும்ப ரூம். வழி தப்பிடுவேனோன்னு பயம். லீவு நாள்ல துணி துவைச்சுப் போட்டுத் தூங்குவேன். வால் தினமும் கேப்பா, "இன்னைக்கு என்னக்கா பாத்த?" "என்னத்தப் பாக்கறது, கால் வலி"ம்பேன்.

ரெண்டாவது மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில வீடியோ கால்ல வந்தா. எனக்கு அங்க மத்தியானம். "போனை ஜன்னல் பக்கம் திருப்புக்கா"ன்னா.

"அங்க ஒண்ணும் இல்லடி. கார் நிறுத்தற எடம், ஒரு பஸ் ஸ்டாப்பு."

"பரவால்ல, திருப்பு."

திருப்பிப் பிடிச்சேன். அப்போ ஒரு பஸ் வந்து நின்னுது.

"பன்னெண்டாம் நம்பரா அது?"ன்னா.

எட்டிப் பாத்தேன். பன்னெண்டுதான். "எப்படித் தெரியும்?"

"அப்போ மேப்புல பாத்ததுதான். அது கடலுக்குப் போகும். கடைசி ஸ்டாப். நாப்பது நிமிஷம். இடது பக்கம் உக்காந்தா பாலம் தெரியும். நீ ஏறினதே இல்லையா?"

"இல்ல."

"ரெண்டு மாசமா வாசல்லயே நிக்குதேக்கா."

போனை என் பக்கம் திருப்பினேன். "வாலு, நான் தப்புப் பண்ணிட்டேன். அந்த சார்ட்டை வேணும்னேதான் போட்டேன். நீ போயிடுவியேன்னு பயந்துக்கிட்டுப் போட்டேன்"னேன்.

"தெரியும்"னா.

"நான் வந்ததும் நீ கிளம்பு. உனக்கு இன்னும் முப்பது ஆகல. ஆயாம்மா இருக்காங்க, நான் இருக்கேன். ஒரு வருஷம் என்ன, ரெண்டு வருஷம் வேணாலும் சுத்திட்டு வா. திரும்ப விசாவுக்கு எழுதிப் போடு."

பின்னாடி அப்பா இருமறது கேட்டுது.

"ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான்க்கா அது. எனக்குக் குடுத்துட்டாங்க."

"நீ போகவே இல்லையேடி."

"போகலேன்னாலும் குடுத்தது குடுத்ததுதானாம். ரெண்டு வருஷம் முன்னாடி நான் கேட்டுப் பாத்தேன்."

அவ கேட்டுப் பாத்தது எனக்குத் தெரியாது. அந்த ரெண்டு வருஷமும் நான் எத்தனை பேர்கிட்ட ஜம்முனு செட்டில் ஆயிட்டான்னு சொல்லியிருப்பேன்.

"அப்பா கூப்பிடறார், வெக்கறேன்"னா. வெக்கறதுக்கு முன்னாடி, "அடுத்த பஸ் அரை மணியில வரும். நீயாவது போய்ப் பாத்துட்டு வாக்கா"ன்னா.