பொதுச் சொம்பு

ஆதிமூலம் விடுதி கேட்டுக்கு வெளியே நின்றதை அடுப்படி ஜன்னல் வழியாக முதலில் பார்த்தவள் சின்னப்பாப்பா. அவர் அவளுடைய இறந்துபோன கணவனின் அண்ணன். ஒன்பது வருஷத்துக்கு முன்பு, காரியம் முடிந்த மறுநாளே, இவளுக்கு என்ன நோய் என்று உப்பளத்து ஆட்கள் எல்லோர் முன்னாலும் சொன்னவர். இவள் குடித்த டம்ளரைக் குச்சியில் தூக்கிப் போய் வாய்க்காலில் போட்டவர். மோட்டார் கொட்டகையில் படுக்கவிட்டு, அந்த மழைக்காலம் முடிவதற்குள் அங்கிருந்தும் துரத்தியவர்.

இன்று அவர் கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதன் வாயில் மாத்திரை அட்டை எட்டிப் பார்த்தது. அவள் விழுங்கும் அதே மாத்திரை.

இந்த விடுதியில் பதினோரு பேர். எல்லோருக்கும் ஹெச்ஐவி. ஒருவர் ரகசியம் மற்றவர் கையில் இருப்பதால், புது ஆளை வார்டன் சங்கீதா மட்டும் சேர்த்துவிட முடியாது. வந்தவர் மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரோடும் உட்கார வேண்டும். சோறு போடுமுன் ஒரே சொம்பில் தண்ணீர் சுற்றி வரும். எல்லோரும் வாய்வைத்துக் குடிப்பார்கள். அதன்பிறகு, வேண்டாம் என்பவர் தன் தட்டைக் கவிழ்க்கலாம். ஒரு தட்டு கவிழ்ந்தாலும் இடமில்லை. சொம்பு வழக்கத்தைப் புது ஆளுக்குச் சொல்லிவைப்பது, சமைக்கும் சின்னப்பாப்பாவின் வேலை.

ஆதிமூலம் பின்வாசலுக்கு வந்தார்.

"நல்லாருக்கியாம்மா?"

"இருக்கேன் மாமா."

"பையன் என்னை மோட்டார் கொட்டாயில போட்டுட்டான். தட்டு தனி, டம்ளர் தனி. மழை வந்தா ஒழுகுது."

"தெரியும். மேக்கால ஓரம் ஒழுகும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பழச மனசுல வச்சுக்காத. நீ வேணாம்னுட்டா நான் எங்க போவேன்?"

"நான் சொல்ல மாட்டேன். கை கழுவிட்டு உக்காருங்க."

அவர் போன பிறகு குழம்பைக் கிண்டியபடி யோசித்தாள். தட்டைக் கவிழ்ப்பது சுலபம். ஆனால், பழி வாங்கிட்டா என்று சொல்லி அவர் மனதை ஆற்றிக்கொள்வார். அந்த ஆறுதல் அவருக்குக் கிடைக்கக் கூடாது. அவர் தன் கையாலேயே கெட வேண்டும். அந்தக் கையை அவளுக்குத் தெரியும்.

"இன்னிக்காவது உப்பு போட்டியாக்கா?" என்றான் மதியப் பந்தியில் தவுசீப், துபாயில் ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு திருப்பி அனுப்பப்பட்டவன். "உப்பளத்துக்காரி சமையல்னு வெளிய சொல்லவே வெக்கமா இருக்குது."

"ஓசில தின்றவனுக்கு வாயப் பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆதிமூலமும் சிரித்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்த சின்னப்பாப்பா, சொம்பில் நிதானமாக வாய்வைத்து ஒரு மிடறு குடித்து அவரிடம் நீட்டினாள். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அவர் வாங்கினார். தோள் துண்டை எடுத்து விளிம்பை ஒரு சுற்று துடைத்தார். பிறகு தலையை அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றிக்கொண்டார்.

சிரிப்பு நின்றது. தவுசீப்பின் தட்டு கவிழ்ந்தது. அடுத்து சகாயசெல்வியின் தட்டு. பிறகு வரிசையாக. சின்னப்பாப்பாவின் தட்டு மட்டும் நிமிர்ந்தே இருந்தது.

"மன்னிச்சுக்குங்க ஐயா. இங்க இடமில்ல. பாண்டியில இன்னொரு ஹோம் இருக்குது, அட்ரஸ் எழுதித் தர்றேன்," என்றாள் சங்கீதா.

கேட் வரைக்கும் சின்னப்பாப்பா கூடவே போனாள். அவர் கண்கலங்கிக் கைகூப்பினார்.

"அத்தன பேர்ல நீ ஒருத்திதாம்மா கவுக்கல. நீதான் மனுஷி."

ஒன்பது வருஷமாக அந்த முகத்தை எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறாள். நன்றி சொல்லும் முகமாக ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த நன்றியைச் சுமந்துகொண்டு அவரைப் போகவிட அவளுக்கு மனம் வரவில்லை.

"மாமா, அந்தச் சொம்புல இங்க எல்லாரும் வாய்வச்சுத்தான் குடிக்கணும். நீங்களும் குடிச்சிருந்தா இன்னிக்கே இடம் கெடச்சிருக்கும். அத உங்ககிட்ட சொல்றது என் வேல. நான் சொல்லல."

அவருக்கு வேர்த்துவிட்டது. முகம் துடைக்க, சொம்பைத் துடைத்த அதே துண்டை எடுத்தார். கை பாதியிலேயே நின்றது.