பெருக்கியும் தீராத வரி

தையல்காரர் தன் ஜெபக் குறிப்பேட்டில் எழுதும் பொய்கள் மதியத்துக்குள் உதிர்ந்துவிடும். அவர் மனைவி அவற்றை நூல் துண்டுகளோடு சேர்த்துப் பெருக்கினாள். முதலில் எறும்பு என்றுதான் நினைத்தாள். மருந்து போட்டும் குறையவில்லை. குனிந்து பார்த்தபோது எழுத்துகளாக இருந்தன. உண்மைகள் தாளிலேயே நின்றன. அவை அதிகமில்லை.

வேதம் வாசித்ததும் மனதில் உள்ளதைக் கர்த்தருக்கு எழுதுங்கள் என்று சபைக்குச் சொன்னவர் போதகர். தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு, துணி வெட்டும் மேசையில் உட்கார்ந்து எழுதினார். தினமும் உதிர்ந்தது ஒரே வரி: தம்பியை மன்னித்துவிட்டேன்.

தம்பி அவரிடம் வேலை பார்த்த காலத்தில் போதகரின் புது அங்கிக்கு, அளவுத்தாளைத் திருப்பிப் போடாமல் இரண்டு கையையும் இடப்பக்கத்துக்கே வெட்டிவிட்டான். அண்ணனும் கவனிக்காமல் தைத்துக் கொடுத்தார். ஆசீர்வாதம் சொல்லும்போது போதகரின் வலது கை பாதிக்கு மேல் எழும்பவில்லை. சபை சிரித்தது. தம்பி கடையைவிட்டு வெளியேற்றப்பட்டான். எதிரிலேயே கடை போட்டான். இரண்டு கடைகளும் பல வருடம் ஒன்றையொன்று முறைத்தபடி தைத்தன.

தம்பிக்குக் குழந்தை பிறந்தது. அவன் மனைவி தெருவைக் கடந்து வந்தாள். "மாமா, நீங்க ஞானத்தகப்பனா நின்னாத்தான் ஞானஸ்நானமாம். இல்லன்னா பிள்ளை அப்படியே கிடக்கட்டும்னு உங்க தம்பி சொல்றாரு."

தையல்காரருக்குப் பிள்ளை இல்லை. உடனே சரி என்றார். வரி உதிர்வதைக் கேள்விப்பட்டிருந்த போதகர்தான் தயங்கினார். "ஒரு வரி நிக்காத ஆளை நான் எப்படி நிப்பாட்டுறது?"

சோதித்துப் பார்க்கத் தன் குறிப்பேட்டையும் அதே மேசையில் ஒரு காலை திறந்து வைத்தார். மதியம் தேதிகள் மட்டும் நின்றன. மை சரியில்லை என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார்.

தையல்காரர் அந்த வரியை மெஷினில் தாளோடு சேர்த்துத் தைத்தார். தையல் நின்றது. எழுத்துகள் இடுக்கு வழியே நழுவின.

"உங்க புண்ணியத்தை எத்தனை நாள்தான் நான் கூட்டி அள்ளுறது? உள்ளதை எழுதித் தொலைங்களேன்" என்றாள் மனைவி.

அவர் எழுதினார்: ஆண்டவரே, கோபம் போகவில்லை. போகவும் விருப்பமில்லை. பிள்ளையைத் தூக்க ஆசையாக இருக்கிறது.

மாலைவரை ஒரு புள்ளிகூட அசையவில்லை. போதகர் வந்து தாளைத் தட்டிப் பார்த்தார், உதறியும் பார்த்தார். "நிக்குதே. சரி, உடுப்பைத் தைங்க."

தையல்காரர் வெள்ளைத் துணியில் உடுப்பு தைத்து எடுத்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனார். தம்பி பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தான். இடது கை நுழைந்தது. வலது கை முறுக்கிக்கொண்டது. உடுப்பைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, ரெண்டும் இடது."

அண்ணன் வாங்கிப் பார்த்தார். "துணி சரியில்ல."

"அன்னைக்கு நானும் அதையேதான் சொன்னேன்."

யார் முதலில் சிரித்தது என்பதில் இரு வீட்டாருக்கும் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. தம்பி வலது கைக்குப் புதுத் துணி வெட்டினான். அண்ணன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே தைத்தார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளை இரண்டு கையையும் தூக்கி அழுதது.

மறுநாள் காலை அவர் இரண்டு வரி எழுதினார்: தம்பியை மன்னித்துவிட்டேன். அவன் என்னைவிட நல்ல தையல்காரன்.

முதல் வரி நின்றது. இரண்டாவதை மதியம் மனைவி பெருக்கினாள்.