சக்கரம் கழற்றிய வீடு

என் கணவர் பிரதாபன் ஒரு பொருளை விற்ற பிறகும் அது தன்னுடையது என்றே நினைப்பார். கந்தப்பளை பஜாரில் எங்கள் ஹார்ட்வெயார் கடையில் மண்வெட்டி வாங்கிப் போனவனை மறுமாதம் மறித்து, கழுவித்தான் வைக்கிறாயா என்று கேட்கிற மனிதர். அப்படிப்பட்டவர் தன் கரவனை விற்கப் போகிறார் என்றதும் பஜாரே சிரித்தது.

கரவன் என்பது ஜீப்பின் பின்னால் கொளுவி இழுத்துப் போகிற சின்ன வீடு. உள்ளே இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு காஸ் அடுப்பு. நாட்டுக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடம் வாங்கினார். பன்னிரண்டு வருஷமாக லீவு கிடைத்தபோதெல்லாம் அதை இழுத்துக்கொண்டு பட்டிப்பொல மேட்டுக்கும் அறுகம்பைக் கடற்கரைக்கும் போனோம். காற்று வாங்கியது அவர். எனக்கு அது சக்கரம் வைத்த குசினி, அவ்வளவுதான். செருப்போடு ஏறக் கூடாது, மீன் பொரிக்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பால் பொங்கக் கூடாது. அடுப்பைச் சுற்றியிருந்த வெள்ளைத் தகட்டில் ஒரு சொட்டுப் பால் கருகினாலும் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வெளியே மகள் தக்ஷிகா கடலைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் பால் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

தக்ஷிகா கல்யாணமாகிக் கனடா போனாள். இவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. விற்பதென்று முடிவானதும் வாங்க வந்தவர்களை மாப்பிள்ளை பார்ப்பதுபோல் பார்க்க ஆரம்பித்தார். நுவரெலியாவில் கொத்துரொட்டிக் கடை போடக் கேட்டவரை, எண்ணெய்ப் புகை பிடிக்கும் என்று திருப்பி அனுப்பினார். கினிகத்தேனையிலிருந்து வந்தவரின் விரலில் சிகரெட் கறை இருந்தது. அவருக்குத் தேநீர்கூடக் கொடுக்க விடவில்லை.

அப்போதுதான் அம்மாக்கண்ணு வந்தாள். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவள். புருஷன் இல்லை. ஒரே மகன் கிஷாந்துக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரே அறை, ஒரே காம்பரா. அதன் நடுவே சேலையைத் திரையாகக் கட்டி, ஒரு பக்கம் இவளும் மறுபக்கம் கொழுந்தன் குடும்பமும் இருந்தார்கள். கிஷாந்துக்கு ஹட்டன் பக்கத்தில் பிரேமினி என்று ஒரு பெண் பேசியிருந்தது. திரைக்குப் பின்னால் தன் பிள்ளை எப்படிக் குடும்பம் நடத்தும் என்று பெண்ணின் தாய் கேட்டுவிட்டாள். தனியாக ஓர் இடம் இருந்தால்தான் கல்யாணம்.

அம்மாக்கண்ணு செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கரவனின் படியைத் தொட்டுக் கும்பிட்டு ஏறினாள். அதிலேயே இவர் விழுந்துவிட்டார்.

"மொதலாளி, தோட்டத்துல ஒரு வரிசை கல்லு வைக்கக்கூட ஆபிஸ்ல விடமாட்டாங்க. இதுக்குச் சக்கரம் இருக்கே. லயத்துக்குப் பின்னால நிப்பாட்டுனா கேப்பாங்களா?"

"வாகனத்த நிப்பாட்ட என்னத்துக்குப் பெர்மிசன்? தொரக்கிட்ட நானே பேசுறேன்" என்றார் இவர்.

பேசவும் செய்தார். தோட்டத்துக்கு ஆணியும் தகரமும் எங்கள் கடையிலிருந்துதான் போகிறது. தோட்டத்தை நடத்துகிற துரை சிரித்துவிட்டு, சக்கரத்தின் மேல் நிற்கிற வரைக்கும் தனக்கு ஆட்சேபனை இல்லை என்றாராம். அம்மாக்கண்ணு ஓய்வுபெற்றபோது கிடைத்த சேவைப் பணம் முழுவதையும் மகனின் சேமிப்போடு சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கரவன் போன அன்று இவர் ஒரு வாய் சாப்பிடவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் இருந்த கொழுந்தன் அன்றைக்கே சேலையை அவிழ்த்துவிட்டு, கட்டிக்கொடுத்த மகளையும் பேரப் பிள்ளைகளையும் கூட்டி வந்து குடிவைத்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் புதுவீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் பார்த்தார்கள். அங்கேதான் சிக்கல் வந்தது. வண்டிக்கு டயரில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள், வீட்டுக்குத்தான் பால் காய்ச்சுவார்கள், இது எது என்று பெண்ணின் தாய் கேட்டாள். கோயில் பூசாரியும் வீடென்றால் மண்ணில் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார். கிஷாந்தும் கூட்டாளிகளும் ஒரே நாளில் சக்கரங்களைக் கழற்றிவிட்டுக் கரவனைக் கருங்கல்லில் இறக்கினார்கள். துரை சொன்னது யாருக்கும் நினைவில்லை. நினைவிருந்தாலும் சாமி காரியத்துக்கு யார் குறுக்கே வரப் போகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

அம்மாக்கண்ணு எங்களையும் அழைத்தாள். நான் தாம்பாளத்தில் வெற்றிலையும் பழமும் கொண்டு போனேன். வாசலில் மாவிலைத் தோரணம், தரையில் கோலம். கழற்றிய சக்கரங்களின் மேல் சின்னப் பிள்ளைகள் ஏறிக் குதித்தார்கள். உள்ளே அந்த வெள்ளைத் தகட்டு அடுப்பில் புதுப் பானையில் பால். நான் பழக்கதோஷத்தில் அடுப்பை அணைக்கக் கை நீட்டிவிட்டேன். அம்மாக்கண்ணு சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்தாள். பால் பொங்கியது. பொங்கி வழிந்து தகடெல்லாம் ஓடிக் கருகியது. பெண்கள் குலவை போட்டார்கள். கிழக்குப் பக்கமாக வழிந்திருக்கிறது, நல்ல சகுனம் என்றாள் பிரேமினியின் தாய்.

முதல் தம்ளர் பாலை அம்மாக்கண்ணு இரண்டு கையாலும் என் கணவருக்குக் கொடுத்தாள். அவர் தகட்டைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பாலைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, நல்லா இருங்க என்று வாழ்த்தினார்.

மறுநாள் காலையில் தோட்ட ஆபிஸுக்குப் போய்விட்டு வந்து, சாப்பிடும்போது அவராகவே சொன்னார்.

"சக்கரத்தக் கழட்டிட்டாங்க, இனி அது கட்டடம்தானேன்னு தொரக்கிட்ட கேட்டேன். பொய்யா சொன்னேன், ராணி?"

"பால் பொங்குனதுக்கா இதச் செஞ்சீங்க?"

சோற்றைப் போடு என்றார்.

அடுத்த பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்க நின்ற அத்தனை பேர் முன்னாலும், அனுமதியில்லாமல் கட்டடம் வைத்தவர்கள் ஒரு கிழமைக்குள் அகற்ற வேண்டும் என்று தோட்ட உத்தியோகத்தரான கண்டாக்கு வாசித்தார். அன்று மாலையே கிஷாந்த் சக்கரங்களைத் திரும்ப மாட்டினான். துரை ஒரு தடவை ஏமாந்தது போதும் என்கிறார், சக்கரம் இருப்பதும் நல்லதுதான், தள்ளிக்கொண்டு போகலாம் என்று கண்டாக்கு சொன்னார். அதைக் கேட்டு லயமே சிரித்ததாம். ஹட்டனிலிருந்து நிச்சயத் தட்டு திரும்பி வந்தது, கல்யாணம் நின்றது. கொழுந்தன் காம்பராவில் கால் நீட்ட இடமில்லை என்று கையை விரித்தான்.

அம்மாக்கண்ணு கடைக்கு ஓடி வந்தாள். வந்தது என் கணவரிடம் உதவி கேட்க. ஒரு வார்த்தை சொன்னால் துரை கேட்பார் என்று கெஞ்சினாள். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை என்றார். நடுரோட்டில் நிற்க வேண்டாம், பாதி விலைக்குத் தானே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

நான் கல்லாவிலிருந்து எழுந்து முன்னால் வந்தேன்.

"அம்மாக்கண்ணு, ஆபிஸ்ல போய்ச் சொன்னதே இவருதான்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் என்மேல்தான் வந்தது.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. எங்க வீட்டுல மொதப் பால் குடிச்ச மனுசன் அவரு."

இவர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவரைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கிஷாந்த் கொழும்புக்குப் போனவன் போன் எடுப்பதில்லையாம். அம்மாக்கண்ணு கோயில் மண்டபத்தில் படுக்கிறாள். திருவிழா வரைக்கும்தான் என்று பூசாரி சொல்லியிருக்கிறார்.

கரவன் பாதி விலைக்கு எங்கள் முற்றத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. இவர் காலையிலிருந்து உள்ளே முழங்காலில் நின்று தேய்க்கிறார். இடுப்பு வலியெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. புதிதாக வாங்க வருகிறவருக்கு அந்தத் தகட்டை எப்படிக் காட்டுவது என்று அவருக்குக் கவலை.

"ராணி, இந்தப் பால் கறை எதப் போட்டுத் தேய்ச்சாப் போகும்?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

பன்னிரண்டு வருஷம் அந்த அடுப்பைத் துடைத்தவள் நான். எதைப் போட்டால் போகும் என்று எனக்குத் தெரியும். எதைப் போட்டாலும் போகாது என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனேன்.