பிடி

ஈரத்துணியால் வாயைத் துடைத்துவிட லியோனி குனிந்தபோது, மெர்வ் அவளுடைய ஸ்வெட்டரை இடுப்போரமாகக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். தண்ணீர்கூட இறங்காத உடம்பில் அத்தனை பலம் எங்கிருந்துதான் வந்ததோ.

"அப்பா, நான் லியோனி. விடுங்க."

"பந்து போகட்டும். அப்புறம் விடறேன்," என்றார்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி தின்றுகொண்டிருந்த நாபிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவரும் மெர்வும் அந்தக் காலத்தில் ஒரே ஆஸ்திரேலியக் கால்பந்து அணியின் பின்வரிசையில் ஆடியவர்கள். "உன்னை எதிரணி ஆளுன்னு நெனச்சுட்டான் கண்ணு! இப்படித்தான் பிடிப்பான், அம்பயர் பார்க்காத பக்கமா."

ஆஸ்பத்திரி வேலிக்கு அப்பால் ஊர் மைதானம். சனிக்கிழமை ஆட்டம். கோல் விழுந்ததும், சுற்றி நின்ற கார்களெல்லாம் ஹாரன் அடித்தன. மெர்வின் பிடி இறுகியது. யார் அடித்த கோலோ, தான் தடுக்க வேண்டிய ஆள் அடித்துவிட்டதாகத்தான் அவருக்கு.

மெர்வ் ஒருநாளும் கோல் அடித்தவரில்லை. அடிக்கிறவனை ஒட்டியே நின்று அடிக்கவிடாமல் செய்வதுதான் அவர் வேலை. அதை முழங்கையால் கொஞ்சமும் நாக்கால் மிச்சமும் செய்தார். ஊர் மெச்சிக்கொண்டது. இன்றைக்கும் கிளப் பாரில் அவர் படத்துக்குக் கீழே உட்கார இடம் கிடைக்காது.

"எண்பத்தொண்ணு ஃபைனல்!" என்றார் நாபி. "ட்ராய்னு ஒரு பையன், மீசைகூட முளைக்கல, வாராவாரம் கோலா அடிச்சுத் தள்ளுறான். உங்கப்பா என்ன பண்ணான் தெரியுமா? ஊரெல்லாம் விசாரிச்சு, அவனோட அப்பன் வீட்டைவிட்டு ஓடிட்டான்னு கண்டுபிடிச்சான். ஆட்டம் பூரா அவன் காதுல அதையே ஓதினான். பையன் மைதானத்துலயே அழுதுட்டான் கண்ணு! ஒரு கோல் இல்ல. கோப்பை நமக்கு."

"அப்புறம் அவன் என்ன ஆனான்?"

"யாரு?"

"அந்தப் பையன்."

"யாருக்குத் தெரியும்? அடுத்த வருஷம் ஆட வரல," என்று நாபி விரலை நக்கிக்கொண்டார். "டீ கொண்டு வரேன் இரு."

லியோனி குனிந்தபடியே நின்றாள். ஈஸ்டரிலிருந்து அப்பா அவளை நர்ஸ் என்றார், செத்துப்போன அம்மாவின் பெயரைச் சொன்னார், நாயின் பெயரைக்கூடச் சொன்னார். இன்றைக்குத் தாண்டாது என்று டாக்டர் சொன்னதும் கீலாங்கிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்தது, அந்த வாயால் ஒரே ஒருமுறை "லியோனி" என்று கேட்கத்தான். நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இது என்ன பிள்ளை ஆசை என்றால், ஆமாம், பிள்ளை ஆசைதான்.

அவளும் தடுத்து ஆடியவள்தான். இதே கிளப், இதே சனிக்கிழமைகள், பாருக்குப் பின்னால் இருந்த நெட்பால் தளம். பீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நடந்து வந்துவிடலாம். மெர்வ் ஒருநாளும் வரவில்லை. ஒவ்வொரு இடைவேளையிலும் அவள் வேலியோரம் நின்றவர்களைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பாள்.

மெர்வ் கண்ணைத் திறந்தார். அவளை நேராகப் பார்த்தார். ஸ்வெட்டரைப் பிடித்துத் தன் முகத்தருகே இழுத்தார்.

தன் பெயர் வந்துவிட்டது என்று நினைத்தாள். காதைக் கொடுத்தாள்.

"வேலி பூரா பார்த்துட்டேன்," என்றார் ரகசியமாக. "உன் அப்பன் வரலடா."

அது அவளுக்குச் சொன்னதில்லை, அந்தப் பையனுக்குச் சொன்னது. அவளுக்கு அது தெரியும். கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டாள்.

"ஏன் வரல?"

"வந்து பார்க்க உன்கிட்ட என்ன இருக்கு?"

வெந்த புண் எங்கே இருக்கிறது என்று பார்த்து வேலைப் பாய்ச்சுவதில் அவருக்கு நிகர் இல்லை. லியோனியின் உதடு துடித்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அவள் கண்டிராத பெருமிதம்.

"அழுதுட்டான்!" என்றார் நாபியின் காலி நாற்காலியைப் பார்த்து. "அழுதுட்டான்டா!"

வெளியே ஹாரன்கள் அலறின. பிடி இறுகவில்லை. அவள் அசையாமல் காத்திருந்தாள். அடுத்த கோலுக்கும் இறுகவில்லை. அதன் பிறகுதான் மணியை அழுத்தினாள்.

நர்ஸ் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. டீயோடு வந்த நாபி கோப்பைகளை வைக்க இடம் தெரியாமல் நின்று அழுதார்.

"கடைசியா ஏதாவது சொன்னானா கண்ணு?"

"ஃபைனல் பத்திப் பேசினார்."

"எனக்குத் தெரியும்! ஜெயிச்சானா?"

"ஜெயிச்சார்."

நாபி மூக்கைச் சிந்திக்கொண்டு தலையை ஆட்டினார். லியோனி ஸ்வெட்டரை இழுத்துவிட்டாள். இடுப்போரத்தில் கம்பளி ஒரு கைப்பிடி அளவுக்குத் தொங்கிப்போயிருந்தது. தடவிப் பார்த்தாள், உள்ளே மடித்துச் செருகிப் பார்த்தாள். அது வெளியே வந்து அப்படியே நின்றது.