பக்கத்து சீட்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று கடை முதலாளி அடிக்கடி சொல்வார். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் நாளெல்லாம் லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்திக்கொண்டிருப்பவளுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்? ஆனால் பதினேழாம் நம்பர் பஸ்ஸை நிறுத்தியபோது என் கோபத்தில் நியாயம் இருப்பதாக அவரே ஒத்துக்கொண்டார்.

அந்த பஸ் பாதி காலியாக ஓடுகிறதாம், வீண் புகையாம். அதனால் பெரிய பஸ்ஸை எடுத்துவிட்டு, போனில் கூப்பிட்டால் வாசலுக்கே வரும் சின்ன மின்சார வண்டிகளை விட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, நல்ல வண்டிதான். சத்தமில்லை, புகையில்லை, வெயிலில் காய வேண்டியதில்லை. ஆனால் அதில் ஜன்னல்காரி இல்லை.

ஜன்னல்காரி என்பது நான் மனதுக்குள் வைத்த பெயர். ஏதோ ஒரு கூரியர் ஆபீஸில் வேலை பார்ப்பவள். என்னைவிடச் சின்னவள். நான் ஏறும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாள். "வாங்கக்கா" என்று பையை எடுத்த கையோடு பேச ஆரம்பித்தால் நான் இறங்கும்வரை வாய் ஓயாது. மாமியாருக்குச் சர்க்கரை ஏறியது, பையன் கணக்கில் கோட்டை விட்டது, கணவரின் குறட்டை எல்லாம் எனக்கு அத்துப்படி. நான் "உம்" கொட்டுவேன், நடுவில் இரண்டு திட்டு திட்டுவேன், அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். மாடியில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறவள் நான். என்னோடு முகம் பார்த்துப் பேசிய ஒரே ஆள் அவள்தான். அவள் பெயரையோ போன் நம்பரையோ நான் கேட்டதில்லை. நாளைக்கும் பஸ் வரத்தானே போகிறது?

கடைசியாகப் பார்த்த அன்று அவள் குரலைத் தாழ்த்தினாள். "மார்ல ஒரு கட்டிக்கா. கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காங்க. திங்கக்கிழமை ரிசல்ட். வீட்ல யாருக்கும் சொல்லல, உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்."

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காதும்மா. திங்கக்கிழமை வந்து நீயே சொல்லப்போற பாரு" என்றேன்.

திங்கட்கிழமை பஸ் வரவில்லை. பஸ் நிற்கப்போகிறது என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்தான். வருஷா வருஷம் ஒட்டுவார்கள், வருஷா வருஷம் பஸ் ஓடும். அதனால் நாங்கள் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை.

எங்கே போய்த் தேடுவது? எனக்கு முன்பே அவள் ஏறிவிடுவாள், எனக்கு அப்புறம்தான் இறங்குவாள். தெரிந்த கூரியர் ஆபீஸ்களுக்கெல்லாம் போன் போட்டேன். "பேர் என்னங்க?" என்றார்கள். தெரியாது என்றேன். ஒருத்தன் சிரித்தே விட்டான்.

வண்டியைக் கூப்பிடும்போதெல்லாம் "தனியாகவா, சேர்ந்தா?" என்று போன் கேட்கும். நான் சேர்ந்து என்பதையே அழுத்துவேன். இன்றைக்காவது அவள் வரமாட்டாளா என்ற நப்பாசை. யார் யாரோ ஏறினார்கள். காதில் எதையோ செருகிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் ராத்திரி பல்லைத் தேய்க்கும்போதுகூட அவளை நினைத்தேன். ஆபரேஷன் ஆகியிருக்குமோ, தலைமுடி கொட்டியிருக்குமோ, இருக்கிறாளோ இல்லையோ. அழுகை வந்தால் அழுதேன், யார் பார்க்கப்போகிறார்கள்?

இதற்கிடையில் நகராட்சி மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். போக்குவரத்தில் எது முதலில் வேண்டும் என்று மக்களே சொல்லலாமாம். பெரிய பலகையில் பாதுகாப்பு, சுத்தமான காற்று, நேரம், கட்டணம் என்று கட்டம் கட்டியிருந்தார்கள். ஒட்டுவதற்குப் பச்சைப் பொட்டுகள் கொடுத்தார்கள். நான் அதிகாரியிடம் நேராகப் போனேன்.

"யார் எங்க ஏறி எங்க இறங்குறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமாமே?"

"தெரியும்மா. ஆனா வெளிய சொல்லக் கூடாது."

"வெளிய சொல்ல வேணாம். என் காதுல சொல்லுங்க. அவ உயிரோட இருக்காளான்னு தெரிஞ்சா போதும்."

பாவம், நல்ல மனுஷர். நாற்காலி போட்டு உட்கார வைத்து முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "இதர கருத்துகள்னு ஒரு கட்டம் இருக்கும்மா, அதுல எழுதுங்க" என்றார். பக்கத்து சீட் வேண்டும் என்று எழுதினேன். அவருடைய உதவியாளர் எட்டிப் பார்த்து, "சீட்ல மெத்தை சரியில்லையாம்மா?" என்று கேட்டாள். அதற்குமேல் அங்கே இருந்தால் என் வாய் சும்மா இருக்காது என்று கிளம்பிவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் காலையில் கொட்டோ கொட்டென்று மழை. வண்டி தாமதமாக வந்தது. கதவு திறந்தது. ஜன்னலோரம் அவள்.

குடையை மடக்கக்கூட மறந்துபோய் அப்படியே ஏறினேன். கன்னம் பூரித்து, தலை நிறைய முடியோடு, முன்பைவிட ஒரு சுற்று பெருத்திருந்தாள். போன உயிர் திரும்பி வந்தது எனக்கு.

"அட, அக்கா! நீங்க இன்னும் அந்தக் கடையிலதான் இருக்கீங்களா?" என்றாள். பக்கத்து சீட்டிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

உட்கார்ந்ததும் அவள் கையைப் பிடித்தேன். "ரிசல்ட் என்னம்மா ஆச்சு?"

"எந்த ரிசல்ட்டுக்கா?"

நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் புருவத்தைச் சுருக்கி யோசித்தாள். அப்புறம் சிரித்துவிட்டாள். "ஓ, அதுவா! வெறும் கொழுப்புக் கட்டிக்கா. அன்னிக்கே சொல்லிட்டாங்க. நான் மறந்தே போயிட்டேன்."

"நல்லதும்மா" என்றேன். உண்மையாகவே நல்லதுதான். அவள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதானே இத்தனை மாதம் கிடந்து தவித்தேன்.

"இந்த வண்டி வந்தப்புறம்தான்க்கா நிம்மதி. எப்பவும் தனியாத்தான் போடுவேன். ஏறினதும் ஒரு தூக்கம். இன்னிக்கு மழைன்னு சேர்த்து ஏத்திட்டாங்க." கொட்டாவி விட்டுக்கொண்டே காதில் செருகுவதைப் பையிலிருந்து எடுத்தாள். ஒன்றைச் செருகினாள். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மரியாதைக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்பதுபோல என் பக்கம் திரும்பினாள்.

"உங்க வீட்டுக்காரரு, பிள்ளைங்க எல்லாரும் சௌக்கியமாக்கா?"

கையை மெல்ல எடுத்துக்கொண்டேன்.

"எல்லாரும் சௌக்கியம்" என்றேன்.